எல்லாரும் சொன்னா சரியாகிவிடுமா?



"நாடு ஓடினால் நடுவே ஓடு" என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. பத்துப் பேர் ஒரு பக்கம் ஓடும்போது நடுவில் நின்று யோசிப்பவன் மிதிபடுவான் என்பது பெரியவர்களின் அனுபவம். அதே பெரியவர்களிடம் போய் "எல்லாரும் பண்ணாங்க, அதான் நானும் பண்ணேன்" என்று சொல்லிப் பாருங்கள். "எல்லாரும் கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியா?" என்று கேட்பார்கள்.

இரண்டில் எதைக் கேட்பது? கூட்டத்தோடு போவதா, சொந்தக் கண்ணை நம்புவதா? மனிதன் ஏன் கூட்டத்தோடு ஒத்துப்போகிறான்? இந்தக் கேள்விக்கு சமூக உளவியல் என்ற துறை 1930-களில் இருந்தே பதில் தேடி வருகிறது. அதில் நான் படித்துத் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இந்தக் கட்டுரை.

"நாம படிக்கிறது லேத், வெல்டிங், மெஷின் டிராயிங். நமக்கு எதுக்குப்பா சைக்காலஜி?" என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்தத் துறையில் உலகப் புகழ் பெற்ற சோதனை எது தெரியுமா? ஒரு கோட்டின் நீளத்தைப் பார்த்துச் சொல்லும் சோதனை! அளப்பதுதானே நம் தொழில்? எனவே இது நம்ம சப்ஜெக்ட்தான்.

கோடு அளந்த கதை

சாலமன் ஆஷ் என்ற பேராசிரியர் 1907-ல் வார்சா நகரில் பிறந்து, சிறுவனாக அமெரிக்காவுக்குக் குடியேறியவர். பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்வார்த்மோர் என்ற கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். 1950-களின் தொடக்கத்தில் அவர் செய்த சோதனை இது.

ஓர் அறையில் ஏழெட்டு மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு அட்டைகள் காட்டப்படும். முதல் அட்டையில் ஒரே ஒரு கோடு. இரண்டாவது அட்டையில் மூன்று கோடுகள். அந்த மூன்றில் எது முதல் அட்டைக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எல்.கே.ஜி. பிள்ளைகூடச் சொல்லிவிடும். தனியாக உட்கார வைத்துக் கேட்டபோது, தவறு நூற்றுக்கு ஒன்றுகூட வரவில்லை.

இதில் ஒரு சூழ்ச்சி இருந்தது. அறையில் இருந்தவர்களில் ஒரே ஒருவர்தான் உண்மையான சோதனைக்கு வந்தவர். மற்ற எல்லாரும் ஆஷின் ஆட்கள். அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. நம்ம ஆளை வரிசையின் கடைசிப் பக்கமாக உட்கார வைத்துவிடுவார்கள்.

முதல் இரண்டு சுற்றுகளில் எல்லாரும் சரியான பதிலைச் சொல்கிறார்கள். நம்ம ஆளுக்கு போர் அடிக்கிறது. மூன்றாவது சுற்றில் முதல் ஆள் கண்ணெதிரே தப்பான கோட்டைச் சொல்கிறார். 'இவனுக்குக் கண்ணு தெரியலையா?' என்று நம்ம ஆள் நினைக்கிறார். இரண்டாவது ஆளும் அதையே சொல்கிறார். மூன்றாவது ஆள், நான்காவது ஆள்... எல்லாரும் அதே தப்பான பதில். நம்ம ஆள் கண்ணைத் தேய்த்துக்கொள்கிறார். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். அவர் முறை வருகிறது.

என்ன சொல்லியிருப்பார்? நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எத்தனை பேர் விழுந்தார்கள்?

மொத்தம் 18 சுற்றுகள். அதில் 12 சுற்றுகளில் கூட்டம் தப்பாகச் சொல்லும். மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த 123 மாணவர்களிடம் நடத்திய சோதனைகளின் முடிவை ஆஷ் 1955-ல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளில், நூற்றுக்கு 36.8 பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்துகொண்ட தப்பான பதில்கள். நான்கில் மூன்று பேர் ஒரு தடவையாவது கூட்டத்தின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள்.

கோடுகளுக்கு இடையே வித்தியாசம் ரொம்பக் குறைவாக இருந்திருக்குமோ என்று நினைக்க வேண்டாம். வித்தியாசம் 7 அங்குலம் இருந்தபோதும் சிலர் கூட்டத்தோடு போயிருக்கிறார்கள் என்று ஆஷ் எழுதுகிறார். 7 அங்குலம் என்றால் ஏறக்குறைய 178 மில்லிமீட்டர். வெர்னியரை வைத்துக்கொண்டு 0.02 மில்லிமீட்டருக்குச் சண்டை போடுகிற நமக்கு இது எப்படி இருக்கிறது!

கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்றும் ஆஷ் பார்த்தார். எதிரே ஒரே ஒருவர் தப்பாகச் சொன்னால் யாரும் அதிகம் அசரவில்லை. தவறு 3.6 சதவீதம்தான். இரண்டு பேர் என்றால் 13.6 சதவீதம். மூன்று பேர் ஆனதும் 31.8 சதவீதத்துக்கு எகிறிவிட்டது. அதற்கு மேல் ஆளைக் கூட்டியும் பெரிய மாற்றம் இல்லை. ஊரே எதிர்க்க வேண்டியதில்லை நண்பர்களே, மூன்று பேர் போதும் நம்மை ஆட வைக்க!

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்தச் சோதனையைப் பற்றிப் பேசுகிற பலரும் 'மனிதன் ஒரு மந்தை ஆடு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு பதில்கள் சரியானவை. நான்கில் ஒருவர் கடைசிவரை ஒரு தடவைகூட அசையவில்லை. அத்தனை நெருக்கடியிலும் 'எனக்கு இதுதான் தெரியுது' என்று சொன்னவர்களும் அதே அறையில் இருந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி?

சோதனை முடிந்ததும் ஆஷ் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் பேசினார். ஒத்துப்போனவர்கள் சொன்ன காரணங்கள் பலவிதம். 'அவ்வளவு பேர் சொன்னால் நான்தான் தப்பாக இருக்க வேண்டும்' என்றார்கள் சிலர். 'எனக்கு ஏதோ குறை இருக்கிறது, அது வெளியே தெரிந்துவிடக் கூடாது' என்று பயந்தார்கள் சிலர். 'உங்கள் சோதனையைக் கெடுக்க வேண்டாம் என்று பார்த்தேன்' என்றும் சொன்னார்கள். இன்னொரு விஷயம்: ஒத்துப்போனவர்கள் எல்லாருமே, தாங்கள் எத்தனை தடவை சாய்ந்தோம் என்பதை உள்ளதைவிடக் குறைத்தே மதிப்பிட்டார்கள். சாய்கிறவனுக்குத் தான் சாய்வது முழுசாகத் தெரிவதில்லை!

மார்ட்டன் டாய்ச், ஹெரால்டு ஜெரார்டு என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1955-ல் இந்தக் காரணங்களை இரண்டு வகையாகப் பிரித்தார்கள். இந்தப் பிரிவு இன்றும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது.

ஒன்று, தகவலுக்காக ஒத்துப்போவது. நமக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியாதபோது அடுத்தவர்களைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். புது ஊரில் பஸ்ஸை விட்டு இறங்குகிறோம், ஸ்டேஷனுக்கு வழி தெரியவில்லை. பெட்டி தூக்கிக்கொண்டு பத்துப் பேர் ஒரு பக்கம் போனால் நாமும் பின்னாலேயே போகிறோம். இதில் தப்பே இல்லை. புத்திசாலித்தனம்தான்.

இரண்டாவது, ஒட்டி இருப்பதற்காக ஒத்துப்போவது. பதில் நமக்குத் தெரியும். ஆனாலும் தனித்து நிற்கக் கூச்சம். 'பெரிய அறிவாளி வந்துட்டாருடா' என்று கிண்டல் பண்ணுவார்களோ, ஒதுக்கிவிடுவார்களோ என்று பயம். ஆகவே வாயளவில் 'ஆமாம்' என்று சொல்லிவிடுகிறோம், மனசு மட்டும் 'இல்லை' என்கிறது.

முதல் வகைக்கு நல்ல உதாரணம் ஆஷுக்கும் முன்னால் 1935-ல் வந்தது. துருக்கியில் பிறந்த முஸாஃபர் ஷெரிஃப் என்பவர் ஒரு கும்மிருட்டு அறையில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளியைக் காட்டினார். இருட்டில் அப்படி ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால், அது அசையாமல் இருந்தாலும் அசைவது போலத் தெரியும். அது கண்ணின் மாயம். எவ்வளவு தூரம் அசைந்தது என்று கேட்டால் தனித்தனியாக ஆளுக்கு ஓர் அளவு சொன்னார்கள். மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்ததும், கொஞ்சம் கொஞ்சமாக மூவரும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு தனியாகக் கேட்டபோதும் அந்தக் கூட்டு அளவையே பிடித்துக்கொண்டார்கள். அசையாத புள்ளிக்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு அசைவை முடிவு பண்ணி, அதை நம்பவும் செய்தார்கள்!

தெருவிலும் இதைப் பார்க்கலாம். 1969-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்டான்லி மில்கிராமும் அவருடைய கூட்டாளிகளும் நியூயார்க்கில் ஒரு பரபரப்பான தெருவின் நடைபாதையில் ஆட்களை நிறுத்தி, எதிர்க் கட்டடத்தின் ஆறாம் மாடி ஜன்னலை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். ஜன்னலில் வேடிக்கை பார்க்கும்படி ஒன்றுமே இல்லை. ஒருவர் பார்த்தபோது, வழியில் போனவர்களில் 4 சதவீதம் பேர் நின்றார்கள். 15 பேர் பார்த்தபோது 40 சதவீதம் பேர் நின்றுவிட்டார்கள். நிற்காமல் போகிறபோக்கில் அண்ணாந்து பார்த்தவர்களையும் சேர்த்தால் 86 சதவீதம்.

இதைப் படித்த வாரம் ஹாஸ்டலில் நாங்கள் நாலு பேர் வாட்டர் டேங்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு கும்பலே கூடிவிட்டது. "என்னடா மச்சான் அங்க?" என்று கேட்டவனுக்கு, எங்களுக்கும் முன்னால் பின்னால் வந்த ஒருத்தனே "குரங்குடா" என்று பதில் சொன்னான்! டேங்க் மேல் குரங்கும் இல்லை, ஒன்றும் இல்லை.

பேசாமல் இருப்பதும் ஒரு பேச்சு

அண்ணாந்து பார்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் கூட்டம் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும்போது நாமும் சும்மா இருந்துவிடுகிறோமே, அங்கேதான் ஆபத்து.

பிப் லட்டானே, ஜான் டார்லி என்ற இருவர் 1968-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாணவர் அறையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார். சுவரில் உள்ள ஒரு துவாரம் வழியாகப் புகை வர ஆரம்பிக்கிறது. தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்ப் புகாரைச் சொன்னார்கள். ஆனால் புகையைக் கண்டுகொள்ளாமல் எழுதிக்கொண்டே இருக்கும்படி சொல்லி வைக்கப்பட்ட இரண்டு பேரோடு உட்கார்ந்தபோது, வெறும் 10 சதவீதம் பேர்தான் எழுந்தார்கள். மற்றவர்கள் புகையைக் கையால் விசிறிக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 'அவங்களே பேசாம இருக்காங்க, ஒண்ணும் இருக்காது' என்ற நினைப்பு.

இதை நம் வகுப்புக்கு வாருங்கள். சார் பாடத்தை முடித்துவிட்டு "எனி டவுட்?" என்று கேட்கிறார். அறுபது பேரும் அமைதி. ஒவ்வொருவனும் என்ன நினைக்கிறான்? 'எனக்குப் புரியலை, ஆனா வேற யாரும் கேக்கலையே, அப்போ எல்லாருக்கும் புரிஞ்சிருக்கு, நான் மட்டும்தான் மக்கு.' பக்கத்தில் இருப்பவனும் அச்சு அசலாக இதையே நினைத்துக்கொண்டிருக்கிறான்! என் மௌனத்தைப் பார்த்து அவன் பேசாமல் இருக்கிறான், அவன் மௌனத்தைப் பார்த்து நான் பேசாமல் இருக்கிறேன். செமஸ்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் எத்தனை பேருக்குப் புரியவில்லை என்று நோட்டீஸ் போர்டில் தெரிகிறது.

மாஸ் கட் அடிப்பதும் இதே கதைதான். "எல்லாரும் போறாங்களாம்டா" என்று ஒருவன் சொல்வான். அந்த 'எல்லாரும்' யார் என்று எண்ணிப் பார்த்தால் மூன்று பேர் இருப்பார்கள். ஆஷ் சொன்ன அதே மூன்று பேர்! போக விருப்பமில்லாத நாற்பது பேர், மற்ற முப்பத்தொன்பது பேரும் விரும்பிப் போவதாக நினைத்துக்கொண்டு கிளம்பிப் போவார்கள். அட்டெண்டன்ஸ் குறைந்து கண்டொனேஷன் கட்டும்போது மட்டும் ஆளாளுக்குத் தனித்தனி வரிசை.

இதையெல்லாம்கூடச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். சிரிக்க முடியாதது ஒன்று உண்டு. அது ராகிங். ஒரு ஜூனியரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால், உண்மையில் கொடுமை செய்கிறவன் ஒருவனோ இரண்டு பேரோதான். மற்ற எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள். ஏன்? பக்கத்தில் இருப்பவன் சிரிக்கிறான் என்பதால். உள்ளுக்குள் அந்த எட்டுப் பேரில் பலருக்கும் 'ஐயோ பாவம், போதும்' என்றுதான் இருக்கும். ஆனால் நடுவில் நிற்கும் அந்தச் சின்னப் பையனுக்கு அது தெரியுமா? அவன் கண்ணுக்குத் தெரிவது பத்து எதிரிகள். 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங்கைத் தடை செய்து தனிச் சட்டமே வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று அதில் இருக்கிறது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்து சேர்வதற்கு முன்னால் அந்த இடத்தில் நிற்பது நாம்தானே?

ஒரே ஒரு ஆள் போதும்

சரி, இதற்கு மருந்து உண்டா? உண்டு. அதையும் ஆஷே கண்டுபிடித்தார். என் கருத்தில், அந்தச் சோதனையிலேயே மிக மதிப்புள்ள பகுதி இதுதான்.

தப்பாகச் சொல்லும் கூட்டத்துக்குள் ஒரே ஒருவரை மட்டும் சரியான பதிலைச் சொல்லும்படி ஆஷ் மாற்றி வைத்தார். மீதிக் கூட்டம் அப்படியே தப்பாகத்தான் சொல்கிறது. ஆனால் நம்ம ஆளின் தவறுகள் கால் பங்காகக் குறைந்துவிட்டன! அந்தத் துணை ஆள் சரியாகக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தில் இருந்து மாறுபட்டு வேறொரு தப்பான பதிலைச் சொன்னால்கூட, நம்ம ஆளுக்கு வாய் திறக்கத் தைரியம் வந்துவிட்டது. 1971-ல் ஆலன், லெவின் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட, பார்வை சரியில்லை என்று அறையில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரைத் துணை ஆளாக வைத்துப் பார்த்தார்கள். அவர் துணையாலும் ஒத்துப்போவது குறைந்தது.

இதன் பொருள் என்ன? கூட்டத்தின் பலம் அதன் தலைகளின் எண்ணிக்கையில் இல்லை. யாருமே மாறிப் பேசவில்லை என்பதில்தான் இருக்கிறது. அதில் ஒரு கீறல் விழுந்தால் போதும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சோதனையின் நடுவில் அந்தத் துணை ஆள் கட்சி மாறிக் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால், நம்ம ஆளின் தவறுகள் மறுபடியும் சட்டென்று ஏறிவிட்டன. துணை நின்றவன் காலை வாரினால் இவனும் விழுகிறான்.

தொப்பி மாறிய இரவு

'இதெல்லாம் காலேஜ் ரூமுக்குள்ள நடக்கிற விளையாட்டு, நிஜத்துல யாராவது இப்படிப் போவாங்களா?' என்று கேட்பவர்களுக்கு, தொழில்நுட்பம் படிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

1986 ஜனவரி 28. அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஃபுளோரிடாவில் இருந்து கிளம்பி 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. ஒரு பள்ளி ஆசிரியை உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். காரணம், பக்கவாட்டு ராக்கெட்டின் ஜாயின்ட்டில் இருந்த ரப்பர் ஓ-ரிங். கடுங்குளிரில் ரப்பர் விறைத்துப்போய், அமுங்கிய பின் பழைய வடிவத்துக்கு வேகமாகத் திரும்பவில்லை. இடைவெளி வழியாகச் சூடான வாயு கசிந்துவிட்டது. விசாரணையின்போது ரிச்சர்டு ஃபெயின்மன் என்ற இயற்பியல் மேதை ஒரு ரப்பர்த் துண்டைக் கிளாம்ப்பில் இறுக்கி ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்து, எல்லார் முன்னிலையிலும் இதைக் காட்டினார்.

ஆனால் இது யாருக்குமே தெரியாமல் நடந்த விபத்து அல்ல. முந்தின நாள் இரவு, ராக்கெட்டைத் தயாரித்த மார்ட்டன் தையகால் கம்பெனியின் எஞ்சினியர்களும் நாசா அதிகாரிகளும் டெலிபோனில் நெடுநேரம் பேசினார்கள். 'இவ்வளவு குளிரில் ஏவ வேண்டாம், குறைந்தது 53 டிகிரி ஃபாரன்ஹீட்டாவது இருக்க வேண்டும்' என்று எஞ்சினியர்கள் சொன்னார்கள். அதாவது சுமார் 12 டிகிரி செல்சியஸ். நாசா அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஐந்து நிமிடம் தனியாகப் பேச அனுமதி கேட்டார்கள். அது அரை மணி நேரம் ஆனது. ரோஜர் பாய்ஸ்ஜாலி, ஆர்னி தாம்சன் என்ற இரண்டு எஞ்சினியர்கள் மேஜைக்குப் போய், படம் வரைந்தும் போட்டோ காட்டியும் மன்றாடிப் பார்த்தார்கள். கேட்க ஆளில்லை என்று தெரிந்ததும் அடங்கிவிட்டார்கள்.

மேல்மட்டத்தில் நான்கு பேர். மூன்று பேர் ஏவலாம் என்ற பக்கம். நான்காமவர் எஞ்சினியரிங் பிரிவின் தலைவர், தயங்குகிறார். அவரைப் பார்த்து, எஞ்சினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியை மாட்டிக்கொள்ளும்படி மேலதிகாரி சொன்னார். அவரும் மாட்டிக்கொண்டார். எஞ்சினியர்களிடம் ஓட்டுக் கேட்கவில்லை. மறுபடியும் டெலிபோன் இணைப்பு வந்தபோது, மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா என்று நாசா தரப்பில் கேட்டார்கள். பதிலே இல்லை. கம்பெனியின் சார்பில் ஃபுளோரிடாவில் இருந்த ஆலன் மெக்டொனால்டு மட்டும் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். அவருடைய மேலதிகாரி கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஏவிய நேரத்தில் வெப்பநிலை 36 டிகிரி ஃபாரன்ஹீட், ஏறக்குறைய 2 டிகிரி செல்சியஸ்.

இதில் மேலதிகாரியின் அதிகாரம், வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம், கால அட்டவணையின் அவசரம் எல்லாம் சேர்ந்து இருந்தன. வெறும் கூட்ட மனப்பான்மை என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் 'மாற்றுக் கருத்து உண்டா?' என்று கேட்ட அந்த நொடியின் மௌனம், நம் வகுப்பின் "எனி டவுட்?" மௌனத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்.

பாய்ஸ்ஜாலிக்கு 1988-ல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகம் விருது கொடுத்தது. மெக்டொனால்டு பின்னாளில் அந்த ராக்கெட்டின் ஜாயின்ட்டைத் திருத்தி வடிவமைக்கும் பணிக்கே தலைமை ஏற்றார். நல்லதுதான். ஏழு பேர்தான் திரும்பி வரவில்லை.

அப்படியானால் ஒத்துப்போவதே தப்பா?

இல்லவே இல்லை. எல்லாவற்றுக்கும் மாறிப் பேசுகிறவனை ஊரில் 'குதர்க்கம் பிடிச்சவன்' என்பார்கள், அது சரிதான். எல்லாரும் இடப்பக்கம் வண்டி ஓட்டும்போது ஒருவன் மட்டும் சுதந்திரச் சிந்தனையாளனாக வலப்பக்கம் ஓட்டினால் என்ன ஆகும்? கோயம்புத்தூரில் செய்த எம்10 நட்டு, லூதியானாவில் செய்த எம்10 போல்ட்டில் ஏறுகிறதே, அது எப்படி? எல்லாரும் ஒரே அளவுக்கு ஒத்துப்போனதால்தானே! கியூவில் நிற்பது, ஒர்க்‌ஷாப்பில் ஷூ போட்டு வருவது, எல்லாம் ஒத்துப்போதல்தான்.

ஒத்துப்போவது காலத்துக்கும் இடத்துக்கும் தக்கபடி கூடும், குறையும். பாண்ட், ஸ்மித் என்ற இருவர் 17 நாடுகளில் ஆஷ் முறையில் நடந்த 133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1996-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தனி மனிதனைவிடக் குழுவுக்கு முதலிடம் தரும் பண்பாடுகளில் ஒத்துப்போவது அதிகம் என்றும், அமெரிக்காவில் அது 1950-களுக்குப் பிறகு குறைந்து வந்திருக்கிறது என்றும் கண்டார்கள். ஆகவே இது மாறாத தலையெழுத்து அல்ல. பழக்கம். பழக்கத்தை மாற்றலாம்.

என் கணக்கு இதுதான். எப்படிச் செய்வது என்பதை எல்லாரும் கூடி முடிவு செய்யலாம், அதில் ஒத்துப்போகலாம். ஆனால் கருவி என்ன காட்டுகிறது என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்ய முடியாது. ஓ-ரிங்குக்கு மெஜாரிட்டி தெரியாது.

நாம் என்ன செய்யலாம்?

லேபில் இருந்தே தொடங்கலாம். மைக்ரோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். திம்பிள் ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகரும். ஸ்லீவில் உள்ள அந்த அரை மில்லிமீட்டர் கோட்டைக் கவனிக்காமல் விட்டால், 12.87 என்பது 12.37 ஆகிவிடும். பேட்சில் முதலில் பார்ப்பவன் "12.37" என்று சத்தமாகச் சொல்லிவிட்டால், அடுத்துப் பார்ப்பவனுக்கு 12.87 தெரிந்தாலும் 'அவன் சரியாத்தான் பாத்திருப்பான்' என்று 12.37 எழுதுகிறான். மூன்றாமவன் கருவியைக் கையில் எடுப்பதே இல்லை. இப்படி ஐந்து ரெக்கார்டிலும் ஒரே தப்பு அழகான கையெழுத்தில் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேர் அளந்தது போலத் தெரியும். உண்மையில் அளந்தவன் ஒருவன்தான்.

இதற்கு வழி சுலபம். ரீடிங்கை முதலில் அவரவர் தாளில் எழுதுங்கள், பிறகு வாயைத் திறங்கள். வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக் கொடுக்கும்படி ஆஷ் தன் சோதனையை மாற்றியபோது ஒத்துப்போவது வெகுவாகக் குறைந்தது. வகுப்பில் டூர் எங்கே போவது, சிம்போசியம் எப்போது வைப்பது என்பதற்கும் கையைத் தூக்கச் சொல்வதைவிடச் சீட்டு எழுதிப் போடுவது நல்லது. நம் மாணவர் பேரவைக்கே இதை ஒரு யோசனையாக வைக்கிறேன்.

அடுத்தது, கூட்டம் நடத்துகிறவர்கள் தங்கள் கருத்தைக் கடைசியில் சொல்ல வேண்டும். பேரவைத் தலைவரோ, கிளாஸ் ரெப்போ, நாளைக்கு சைட் எஞ்சினியரோ முதலிலேயே 'இப்படித்தான்' என்று சொல்லிவிட்டால், பிறகு வருகிறதெல்லாம் எதிரொலிதான். இருப்பவர்களில் இளையவரிடம் முதலில் கேளுங்கள். "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பதற்குப் பதில் "இதுல என்ன கோளாறு வரலாம், ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுப் பாருங்கள். மாறிப் பேசுவது அப்போது துணிச்சல் அல்ல, கொடுத்த வேலை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தனியாகப் பேசுகிறவனுக்கு இரண்டாவது ஆளாக நில்லுங்கள். எல்லாராலும் முதல் ஆளாக இருக்க முடியாது. எனக்கே பல இடங்களில் கூச்சம்தான். ஆனால் ஒருவன் எழுந்து "சார், எனக்கு இந்த ஸ்டெப் புரியலை" என்று சொன்னதும், "எனக்கும்தான் சார்" என்று சொல்வதில் என்ன கஷ்டம்? ஒருவன் "விடுடா, பாவம், போதும்" என்று சொல்லும்போது "ஆமாடா, வாங்கடா போலாம்" என்று சொல்லப் பெரிய வீரம் வேண்டியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு ஜூனியரின் அன்றைய இரவு மாறிவிடும்.

டிப்ளமோ முடித்து வெளியே போகிற நம்மில் பலர் சூப்பர்வைசராக, இன்ஸ்பெக்டராக, டெக்னீஷியனாக மெஷின் பக்கத்திலேயே நிற்கப் போகிறோம். மீட்டர் முள் என்ன காட்டுகிறது, வெல்டிங்கில் விரிசல் இருக்கிறதா, கான்கிரீட்டில் கம்பி குறைகிறதா என்பதை முதலில் பார்க்கப் போவது ஏ.சி. ரூமில் இருப்பவர்கள் அல்ல, நாம்தான். அந்த நேரத்தில் "எல்லாரும் ஓகே சொல்லிட்டாங்க, நீ மட்டும் ஏன்ப்பா?" என்ற குரல் கட்டாயம் வரும். அப்போது கண்ணில் தெரிந்ததை மரியாதையாக, தெளிவாக, எழுத்தில் சொல்லிவிடுங்கள்: "சார், எனக்கு ரீடிங் இப்படித்தான் காட்டுது. நீங்களும் ஒரு தடவை பாருங்க."

பக்கத்தில் நிற்பவர் அதைச் சொன்னால், நீங்களும் குனிந்து ஒரு தடவை அந்த முள்ளைப் பாருங்கள்.

— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்